ஆறு கஜமும் பத்து மீட்டரும்

ஏர் பிஸ்டல் என்றதும் இப்போது பலருக்கும் பாரிஸ்தான் நினைவுக்கு வரும். 2024 ஒலிம்பிக்கில் 221.7 புள்ளியுடன் மனு பாக்கர் வாங்கிய வெண்கலம் ஒன்று. துருக்கியின் யூசுஃப் டிகேச் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கியபோது எடுத்த படம் இன்னொன்று. விசேஷக் கண்ணாடி கிடையாது, கண்ணை மறைக்கும் தட்டி கிடையாது. ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, முற்றத்தில் காக்கை விரட்ட வந்தவர் போல நின்றார் மனிதர். பையில் கை விடுவது அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். சும்மா தொங்கும் கை ஆடினால் தோளும் ஆடும். அதனால் பிஸ்டல் வீரர்கள் பெரும்பாலோர் அந்தக் கையைப் பையிலோ இடுப்பிலோ கட்டிப்போட்டுத்தான் சுடுகிறார்கள். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்து ‘இதை வீட்டிலேயே செய்யலாம் போலிருக்கிறதே’ என்று தோன்றியவர்களைக் குறை சொல்ல முடியாது. உண்மையிலேயே செய்கிறார்கள்.

பிரிட்டனில் கார் கொட்டகையிலும் வீட்டு நடையிலும் தோட்டத்து மரக்கொட்டிலிலும் ஏர் பிஸ்டல் போட்டி பல காலமாக நடக்கிறது. தூரம் 6 கஜம், அதாவது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அட்டையில் சுட்டு, புள்ளியை எண்ணி, அட்டையையே தபாலில் அனுப்புவார்கள். இப்போது படம் எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. கோப்பை இருந்தால் சிறியது, இல்லாவிட்டால் வாரக் கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் நிலவறைகளில் இதே கதை, தூரம் 5 மீட்டராகவோ 10 மீட்டராகவோ இருக்கும். இந்த வீட்டுப் போட்டியைச் சுடுதளப் போட்டியின் சின்னப் பதிப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தூரம் பாதி, அட்டை பாதி, மற்றதெல்லாம் ஒன்றுதான் என்பார்கள். அப்படி அல்ல என்பது என் கட்சி. இரண்டிலும் கையில் இருப்பது ஏர் பிஸ்டல்தான், அளக்கப்படுவது வேறு.

முதலில் தளத்தைப் பார்த்துவிடலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1988இல், சியோலில். விதிகள் எல்லாம் எண்களால் கட்டியவை. துப்பாக்கி 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ட்ரிகர் 500 கிராம் எடையையாவது தாங்க வேண்டும். அதற்குக் குறைந்த அழுத்தத்தில் விடுபட்டால் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீட்டிய ஒரே கையால் சுட வேண்டும், மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கூடாது. முன்தயாரிப்புக்கும் ஒத்திகைச் சூட்டுக்கும் 15 நிமிடம், அதன்பின் 75 நிமிடத்தில் 60 சூடுகள். பெண்களுக்கு 40 ஆக இருந்ததை 2018இல் 60 ஆக்கினார்கள். 600க்கு உலக சாதனை என்று பார்த்தால், தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2009இல் சாங்வோனில் எடுத்த 594. அறுபது சூட்டில் ஆறு புள்ளி மட்டும்தான் இழந்திருக்கிறார்.

வீட்டுப் போட்டிக்கு இப்படி ஒரு பிறந்த தேதியைச் சொல்ல முடியாது. ஆனால் அதன் வேர் எங்கே என்று சொல்லலாம். பிரிட்டனில் 1901இல் உழைக்கும் மக்களின் ரைஃபிள் கழகங்களுக்கான சங்கம் ஒன்று தொடங்கியது. அதுவே பிறகு தேசியச் சிறுகுழல் ரைஃபிள் சங்கம் ஆயிற்று. தொழிற்சாலை ஊர்களின் கழகங்கள் ஒன்றையொன்று தேடிப் பயணம் செய்ய வசதி இல்லை. ஆகவே அவரவர் ஊரில் சுட்டு அட்டையை அஞ்சலில் அனுப்பும் வழக்கம் ஊன்றிக்கொண்டது. கடல் கடந்தும் இது நடந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் தத்தம் மண்ணிலேயே நின்று மோதிய டூவர் கோப்பை ரைஃபிள் போட்டி 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்றைய கொட்டகைப் போட்டி அந்த வம்சம்.

ஏர் பிஸ்டலுக்கு அங்கே மவுசு கூடியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பது கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. கழகங்களில் .22 பிஸ்டல் சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மிஞ்சியது காற்று மட்டுமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 அடி-பவுண்டு விசைக்குள் இருக்கும் ஏர் பிஸ்டலை 18 வயதானவர் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஒரு எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது என்பதால், அட்டை அனுப்பும் பந்தயத்தில் சேரும் ஸ்காட்லாந்துக்காரர் முதலில் காவல்துறைக்கு விண்ணப்பம் போட வேண்டும், பக்கத்து ஊரில் இருக்கும் இங்கிலாந்துக்காரர் நேராகக் கடைக்குப் போகலாம்.

இனி அசல் விஷயத்துக்கு வருவோம்: பாதித் தூரம், பாதி அட்டை என்ற கணக்கு.

வீட்டில் 10 மீட்டர் நேர்நீளம் கிடைப்பது அரிது. அதனால் 10 மீட்டர் அட்டையை நகல் எந்திரத்தில் 50 சதவீதமாகச் சுருக்கி, 5 மீட்டரில் மாட்டிச் சுடுவது பலர் செய்கிற காரியம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; கருவட்டம் அதே அளவில்தான் தோன்றும். குறியில் செய்யும் பிழையும் அதே விகிதத்தில்தான் தண்டிக்கப்படும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 32 சென்டிமீட்டர் இருக்கிற பிஸ்டலில், முன்குறி கால் மில்லிமீட்டர் விலகினால் குண்டு 10 மீட்டரில் 8 மில்லிமீட்டர் விலகும், 5 மீட்டரில் 4 மில்லிமீட்டர். அட்டையும் பாதியாகிவிட்டதால் சரிக்குச் சரி. இதுவரை எல்லாம் ஒழுங்கு.

ஆனால் குண்டு பாதியாகவில்லையே! ஈயக் குண்டின் விட்டம் வீட்டிலும் 4.5 மில்லிமீட்டர், தளத்திலும் 4.5 மில்லிமீட்டர். ஓட்டையின் விளிம்பு உயர்ந்த வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி உண்டு என்பது விதி. அசல் அட்டையில் 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அப்படியானால் குண்டின் நடுப்புள்ளி, அட்டையின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10 கிடைக்கும். சுருக்கிய அட்டையில் அந்த வளையம் 5.75, அதோடு 4.5ஐக் கூட்டிப் பாதியாக்கினால் 5.125. இதை 10 மீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் 10.25 மில்லிமீட்டர். எட்டுக்குப் பதில் பத்தேகால். பரப்பில் சொன்னால் 64 சதவீதம் கூடுதல் இடம்.

இது எத்தனை புள்ளி? தளத்தில் 60 சூட்டில் 517 எடுக்கிற, அதாவது நல்ல பயிற்சி உள்ள ஆனால் மாநில அளவுக்கு எட்டாத ஒரு கையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குண்டுகள் நடுவைச் சுற்றி வழக்கமான முறையில் சிதறுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், அதே கை, அதே துப்பாக்கி, அதே நாள், சுருக்கிய அட்டையில் 533 எடுக்கும். 12 பத்துகள் விழும் இடத்தில் 18 விழும். ஒரு பயிற்சியும் கூடாமலே 16 புள்ளி உயர்வு. கொட்டகையில் 533 எடுத்த தெம்போடு மாவட்டப் போட்டிக்குப் போய், 517க்கு இறங்கி, ‘கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன்’ என்று சொல்லுகிறவர்களில் சிலர் பயப்படவே இல்லை. அவர்களுடைய நகல் எந்திரம் ஏமாற்றியிருக்கிறது.

திருத்தமும் எளிது. ஒவ்வொரு வளையத்தின் விட்டத்திலிருந்தும் 4.5ஐக் கழித்துவிட்டுப் பாதியாக்க வேண்டும். 10ஆம் வளையம் 3.5 மில்லிமீட்டர் ஆகும். 9ஆம் வளையம், 27.5இலிருந்து 4.5 போக 23, அதில் பாதி 11.5. பாருங்கள், நேர்மையான 5 மீட்டர் அட்டையில் 9ஆம் வளையமாக வந்து நிற்பது அசல் அட்டையின் 10ஆம் வளையம்! குண்டைவிடச் சிறிய 10ஆம் வளையம் பார்க்க விநோதமாகத்தான் இருக்கும், முதல் தடவை பார்ப்பவர் அச்சுப்பிழை என்பார். ஆனால் கருவட்டத்தை மட்டும் இந்தக் கணக்கில் சுருக்கக் கூடாது. அது கண்ணுக்கானது, குண்டுக்கானதல்ல. 59.5இல் பாதியாக 29.75 மில்லிமீட்டர் என்றே விட்டுவிட வேண்டும். 6 கஜத்துக்கு அட்டை வரைகிறவர் கருவட்டத்தை 0.55ஆல் பெருக்கினால் போதும்; வளையங்களுக்கு மட்டும் விட்டத்தோடு 4.5ஐக் கூட்டி, 0.55ஆல் பெருக்கி, அதிலிருந்து 4.5ஐக் கழிக்க வேண்டும்.

துப்பாக்கியில் இரு உலகமும் இன்னும் தூரமாகிவிடுகின்றன. தளத்தில் இன்று ஸ்டெயர், மோரினி, பார்தினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர் என்று சில பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எல்லாவற்றிலும் குழலுக்கு அடியில் அழுத்தக் காற்று உருளை. கைப்பிடியைச் சுடுகிறவரின் உள்ளங்கைக்கே செதுக்கி வைத்திருப்பார்கள். சுட்டால் அதிர்வு என்று சொல்லத்தக்கது எதுவும் இராது. ‘டப்’ என்ற சத்தம், அவ்வளவுதான். அதன் விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம்.

வீட்டுப் போட்டியில் அதிகம் புழங்குபவை வேறு ரகம். ஜெர்மனியின் வைராக் எச்டபிள்யூ 45, பழைய வெப்லி டெம்பெஸ்ட் போன்ற வில்சுருள் துப்பாக்கிகள். ஒரே நெம்பில் காற்றை அடைத்துக்கொள்ளும் எச்டபிள்யூ 40. பலமுறை பம்ப் அடிக்க வேண்டிய கிராஸ்மேன் 1377. கொஞ்சம் வசதிப்பட்டவர் 1960களில் வந்த ஃபைன்வெர்க்பாவ் 65ஐப் பழைய விலைக்குத் தேடிப் பிடிப்பார். அதில் ஒரு தந்திரம்: சுட்டதும் குழலும் உருளையும் சேர்ந்து தண்டவாளம் போன்ற தடத்தில் பின்னுக்கு நழுவும், கைப்பிடி அசையாது. வால்தர் எல்பி 53 வைத்திருப்பவர் போட்டியில் தோற்றாலும் கவலைப்படமாட்டார். 1963இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் விளம்பரப் படங்களில் ஷான் கானரி தாடையோரம் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஏர் பிஸ்டலைத்தான்.

வில்சுருள் பிஸ்டலைக் கிட்டத்தில் பார்த்தால், அதில் சுடுவது தனிக் கலை என்று புரியும். ட்ரிகரை அமுக்கியதும் சுருள் விரிந்து உள்ளே கனத்த பிஸ்டனைத் தள்ளுகிறது. குண்டு குழலைத் தாண்டுவதற்கு முன்பே துப்பாக்கி துள்ளத் தொடங்கிவிடும். ஆகவே குண்டு எங்கே போகும் என்பதைக் குறி மட்டும் தீர்மானிப்பதில்லை, கை எப்படிப் பிடித்திருந்தது என்பதும் தீர்மானிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் ஓரிடம், தளர்த்திப் பிடித்தால் வேறோரிடம். நாற்பது சூட்டுக்குப் பிறகு பிடி தானாகத் தளரும், குண்டுக்கூட்டம் மெல்ல இடம் மாறும். ‘பின்குறி நகர்ந்துவிட்டது’ என்று திருகாணியைத் திருகத் தொடங்குவார்கள். திருக வேண்டியது திருகாணி அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பிடிப்பதில் வில்சுருள்காரருக்குக் கிடைக்கும் பயிற்சி, அழுத்தக் காற்றுக்காரருக்கு வாய்ப்பதில்லை. தளத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் வீட்டுப் போட்டியின் மிகப் பெரிய பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரே வகைத் துப்பாக்கிகளைத் தனிப் பிரிவாக வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுகிற அமைப்பாளர் இந்தப் பலத்தைக் கெடுத்துவிடுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது சாட்சி. இரண்டு போட்டிகளையும் உண்மையில் பிரிப்பது இதுவே.

தளத்தில் புள்ளியை வீரர் எண்ணுவதில்லை. மின்னணுக் குறிபலகை, குண்டு பாய்ந்த இடத்தை ஒலியாலோ ஒளிக்கதிராலோ கண்டு, உடனே திரையில் காட்டிவிடுகிறது. இறுதிச் சுற்றில் 10.9 வரை தசமத்திலும் கொடுக்கும். அப்பீல் இருந்தால் நடுவர். வீரருக்குத் தன் புள்ளியோடு உறவே இல்லை என்று சொல்லலாம்.

வீட்டில் நிலைமை வேறு. இரவு பத்து மணி, சமையலறை மேசை, ஒரு அட்டை, ஒரு பூதக்கண்ணாடி. பத்தில் ஒரு ஓட்டை 9க்கும் 10க்கும் நடுவே கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தட்டை மூக்குக் குண்டு என்றால் காகிதம் அச்சு வெட்டியது போல வட்டமாக வெட்டுப்பட்டிருக்கும். பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லலாம். உருண்டை மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், கிழிந்த ஓரங்கள் மறுபடி உள்ளே மடங்கிவிடும், ஓட்டை குண்டைவிடச் சிறிதாகத் தெரியும். அட்டைக்குப் பின்னால் பட்டியோ தடித்த அட்டையோ இல்லாவிட்டால் தட்டை மூக்கும் இப்படியே கிழிக்கும். இதற்கென்றே 4.5 மில்லிமீட்டர் விளிம்பு கொண்ட ஓர் அளவுக் குச்சி உண்டு. ஓட்டைக்குள் இறக்கி, விளிம்பு கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கும்போது கை கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்தால் காகிதம் நெகிழ்ந்துகொடுக்கும்; 9, 10 ஆகிவிடும். யாரும் பார்க்கவில்லை. சாய்த்தவருக்கே சாய்த்தது தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் முறையான அஞ்சல் போட்டிகளில், சுட்டவர் குச்சியை இறக்கக் கூடாது, அட்டையைத் தொடாமல் அப்படியே கணிப்பவருக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். ஒரு தடவை குச்சி இறங்கிய ஓட்டை அதன்பின் சாட்சி சொல்லாது.

ஆனால் இந்தச் சாய்த்தல் சில்லறை விஷயம். பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. எத்தனை அட்டை சுட்டீர்கள்?

முன்னே சொன்ன 517 எடுக்கும் ஆளையே எடுத்துக்கொள்வோம். 10 சூடு அட்டை ஒன்றுக்கு அவர் சராசரி 86. சில அட்டையில் 83 வரும், சிலவற்றில் 89. அவர் ஒரு மாலையில் ஐந்து அட்டை சுட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் ‘என் அட்டை’ என்று அனுப்பினால், அனுப்பும் அட்டையின் சராசரி 90. எந்த ஓட்டையையும் அவர் மாற்றவில்லை, எந்தப் பொய்யும் எழுதவில்லை. ‘முதல் நாலும் பழக்கத்துக்கு’ என்று மனசாரச் சொல்லுவார். தளத்தில் ஒத்திகை முடிந்ததும் ‘இனி போட்டிச் சூடு’ என்று அறிவிப்பு வருகிறது. அதன்பின் விழுவது எதுவானாலும் கணக்கு. வீட்டில் அந்த அறிவிப்பைச் சுடுகிறவரே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், அதுவும் சுடுவதற்கு முன்னால். ஆக, சாட்சி தேவைப்படுவது ஓட்டையை எண்ணும்போது அல்ல, அட்டையை மாட்டும்போது. எண்ணிட்ட அட்டையை அமைப்பாளரே அனுப்பிவைப்பது, அதைத் தவிர வேறு அட்டையை ஏற்காமல் விடுவது, பக்கத்தில் நின்றவர் கையெழுத்து வாங்குவது என்று பழைய அஞ்சல் கழகங்கள் கட்டிவைத்த சடங்குகளுக்கெல்லாம் காரணம் இது. இப்போது அட்டையை வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளலாம், படம் எடுத்து அனுப்பலாம் என்று ஆனபின் சடங்குகள் போய்விட்டன. புள்ளிகள் மட்டும் உயர்ந்திருக்கின்றன.

இதற்கு நடுவே 2020இல் ஒரு சுவையான பரிசோதனை நடந்தது. கொரோனா ஊரடங்கில் தளங்கள் எல்லாம் மூடிக்கிடந்த ஏப்ரலில், இந்தியாவின் முன்னாள் துப்பாக்கி வீரர் ஷிமோன் ஷெரீஃப் இணையவழியாக ஒரு சர்வதேசப் போட்டி நடத்தினார். மனு பாக்கர் உள்பட, வீட்டில் மின்னணுக் குறிபலகை வைத்திருந்த பல நாட்டு வீரர்கள் அவரவர் அறையில் நின்று சுட்டார்கள். காணொளியில் எல்லோரும் பார்த்தார்கள். நடந்தது வீடுதான். ஆனால் என் கணக்கில் அதைத் தளப் போட்டி என்றே எழுதுவேன். எல்லோரும் ஒரே நேரத்தில், கடிகாரத்தின் கீழ், எந்திரம் எண்ண, பிறர் பார்க்கச் சுட்டார்கள். கூரை மட்டும்தான் வீட்டுக் கூரை.

கடிகாரம் என்றதும் டோக்கியோ நினைவுக்கு வருகிறது. 2021 ஜூலையில் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாயிற்று. பழுது நீக்கித் திரும்புவதற்குள் நிமிடங்கள் கரைந்தன, மிச்சச் சூடுகளை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. 575 எடுத்து 12ஆம் இடம். இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. வீட்டில் இது நடந்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் தேடி, காபி குடித்து, மறுநாள் தொடர்ந்திருப்போம். தளம் அளப்பதில் பாதி இந்த 75 நிமிடத்தை எப்படிச் செலவழிக்கிறார் என்பதே. துடிக்கும் நெஞ்சு முன்குறியைத் தூக்கித் தூக்கிப் போடும்போதும் சூட்டை முடிக்கும் திறமைக்கு அங்கே மதிப்பெண். வீட்டில் நெஞ்சு துடிப்பதில்லை. அதற்குப் பதில் சலிப்பு வரும். பத்தில் எட்டு நன்றாக விழுந்து, ஒன்பதாவதற்குக் கையைத் தூக்கும்போது ‘சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்’ என்று தோன்றுமே, அந்த எண்ணத்தோடு விடும் குண்டு 6க்குப் போகும். குறி சரியில்லை என்றால் சுடாமல் கையை இறக்குவது இந்த விளையாட்டின் முதல் பாடம். அதைத் தளத்தில் கடிகாரம் தடுக்கிறது, வீட்டில் எதுவும் தடுப்பதில்லை. தடுக்காத இடத்திலும் கையை இறக்காதவர், தளத்தில் இறக்கப் போவதில்லை.

வீட்டையே தளமாக்கியவர்களும் இருக்கிறார்கள். 2008 பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்குப் பெற்றோர் வீட்டிலேயே சுடுதளம் கட்டிக்கொடுத்தார்கள். 16 வயதில், 2018 ஆசிய விளையாட்டில் ஏர் பிஸ்டல் தங்கம் வாங்கிய சௌரப் சௌத்ரி, மீரட் அருகே கலினா கிராமத்தில் தன் வீட்டில் ஒரு தளம் வைத்துப் பழகினார். முன்னவர் வசதியான குடும்பம், பின்னவர் விவசாயக் குடும்பம். இருவர் வீட்டிலும் இருந்தது முழு 10 மீட்டர் தளம். அட்டையைச் சுருக்கி ஐந்து மீட்டரில் நிற்கவில்லை. தளத்துக்குத் தயாராகிறவர் வீட்டிலும் தளத்தின் அளவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம். இடமே இல்லை என்பவர் அட்டை இல்லாமல், குண்டு இல்லாமல், வெற்றுச் சுவரைப் பார்த்து ட்ரிகர் அமுக்கிப் பழகலாம். அது சுருக்கிய அட்டையைவிட நல்ல பயிற்சி.

இந்தியாவில் இதைத் தொடங்க நினைப்பவருக்கு: 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேல் போகாமலும் விசை 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல்கள் இதற்குள் அடங்கும். உரிமம் வேண்டாம் என்பதால் பொம்மை என்று ஆகிவிடாது; கண்ணில் பட்டால் பார்வை போகும். குண்டு பிடிக்கும் பெட்டி இல்லாமல் முதல் சூடு கூடச் சுடக் கூடாது. சாய்த்து வைத்த இரும்புத் தகடோ, களிமண் போன்ற புட்டி நிரப்பிய பெட்டியோ போதும். சுவரில் சுட்டால் ஈயம் சிதறித் திரும்பி வரும், எஃகு உருண்டைகள் இன்னும் மோசமாக எகிறும். அட்டைக்குப் பக்கத்தில் கதவு இருந்தால் அதை உள்பக்கம் தாழிட்டுக்கொள்ள வேண்டும். சுடுகிறவரும் பார்க்கிறவரும் கண்ணாடி போட வேண்டும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. தரையில் கிடக்கும் ஈயத் தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பிரிட்டனில் குண்டு நம் வேலியைத் தாண்டினாலே குற்றம். சிறுவர் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைப்பதும் சட்டக் கடமை. நம் அடுக்குமாடி வாழ்க்கைக்கு அந்த இரண்டையும் சட்டம் சொல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆக என் தீர்ப்பு: வீட்டுப் புள்ளியைத் தளப் புள்ளியோடு ஒப்பிடாதீர்கள், யாராவது ஒப்பிட்டுச் சொன்னால் அட்டையின் அளவைக் கேளுங்கள். வில்சுருள் துப்பாக்கியும் நாலு நண்பர்களும் இருந்தால், தளத்தைப் போலச் செய்ய முயலாமல் வீட்டுப் போட்டியாகவே நடத்துங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு அட்டை, ஒரே வகைத் தட்டை மூக்குக் குண்டு, வாரத்துக்கு ஒரே ஒரு போட்டி அட்டை என்று பேசிக்கொள்ளுங்கள். அட்டையில் பெயரையும் தேதியையும் சுட்ட பிறகு எழுதாதீர்கள். மாட்டுவதற்கு முன்பே எழுதி, படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் துப்பாக்கியைக் கையில் எடுங்கள்.